விரல் மடங்கிய பூக்காரம்மாவிடம் பூ வாங்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்கள் தெருமுனையில் சில மாதங்களாக ஓர் அம்மா பூ கட்டி விற்கிறார். வலக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே இருக்கின்றன. இடக்கையில் ஒரு விரல் நுனி குட்டையாகிவிட்டது. "பெருவியாதிக்காரி", அதாவது தொழுநோய் வந்தவர், என்று யாரோ சொல்லப்போய், உங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அவரை வேறு இடம் பார்க்கச் சொல்லலாமா என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. அந்தப் பூ சாமிக்கு வேண்டாம் என்கிறார் உங்கள் மாமியார். உங்கள் ஆறு வயது மகளோ தினமும் அவரிடம் போய் நின்று கதை பேசுகிறாள். மனசு கேட்காமல் நீங்கள் பத்து ரூபாய் கூடக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. ஒட்டுமா, ஒட்டாதா என்பது உங்கள் முதல் கேள்வி. அவர் மனம் நோகாமல் எப்படி நடந்துகொள்வது என்பது இரண்டாவது. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவது தீராமல் அங்கே போக முடியாது. உள்ளுக்குள் பயம் இருந்தால் கை தானாகவே பின்னால் போகும், எதிரே இருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

வட தமிழ்நாட்டில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போனது. நான் மருத்துவர் இல்லை. நரம்பு பழுதான கைகளையும் கால்களையும் பார்த்து, பயிற்சி கொடுத்து, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கூட இருந்தவன். அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்ன நோய் என்று சொல்லக் கூடாது, நானும் சொல்லப்போவதில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மடங்குவது பெரும்பாலும் அல்நார் நரம்பு கெட்டதால் வருவது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அந்த நரம்புதான். சிறுவயதில் முழங்கை முறிந்து கோணலாகக் கூடியிருந்தாலும் பிற்காலத்தில் அது கெடும். தீக்காயம் ஆறும்போது தோல் இழுத்துக்கொண்டாலும் விரல் மடங்கும். மூட்டுவாதத்திலும் விரல்கள் கோணும். ஆகவே உங்கள் தெருவில் பேசுவது வெறும் ஊகமாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பதிலுக்காக அது தொழுநோயால் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். "அது இல்லையாம், ஏதோ விபத்தாம்" என்று நிரூபித்துத்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றால், உண்மையிலேயே தொழுநோய் வந்து போன ஒருவர் நாளைக்கு அதே இடத்தில் கடை போட்டால் அவருக்காகப் பேச நம்மிடம் எதுவும் மிஞ்சாது.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். மடங்கிய விரல் என்பது நோய் நடந்துபோன தடம். அதைப் பார்த்து, இப்போது உடலில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்த கிருமிதான் இந்த நோய்க்குக் காரணம். மிக மெதுவாகப் பெருகும் கிருமி அது. ஒன்று இரண்டாகவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதனால்தான் உடலில் நுழைந்து அடையாளம் தெரிவதற்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள் வரைகூட ஆகின்றன. உடலில் குளிர்ச்சியான பகுதிகளான தோலும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளும் அதற்குப் பிடித்த இடங்கள். நரம்பு வீங்கிக் கெட்டால் மூன்று இழப்புகள் சேர்ந்து வருகின்றன. தொடு உணர்வும் வலியும் போகும், தசை வலுவிழந்து விரல் மடங்கும், வியர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கும். மருந்து கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் நெடுநாள் கெட்டுக் கிடந்த நரம்பு திரும்பி வராது. கிருமி போய் முப்பது வருடம் ஆன பிறகும் விரல் மடங்கியபடியே இருப்பது இதனால்தான்.

விரல் குட்டையானதற்கும் கதை இருக்கிறது. தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று உலகம் முழுவதும் நெடுங்காலம் நம்பினார்கள். அது அப்படி இல்லை என்று காட்டியதில் பெரும்பங்கு வேலூருக்கு உண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். சூடு தெரியாமல் பாத்திரத்தைப் பிடிப்பது, முள் குத்தியது தெரியாமல் நடப்பது, புண் ஆறுவதற்குள் அதே விரலால் மறுபடி வேலை செய்வது என்று சின்னச் சின்னக் காயங்களே விரலை எலும்புவரை தின்றுகொண்டிருந்தன. வலி இல்லாததுதான் வினை. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரலை நிமிர்த்தும் சிகிச்சையை அவர் அங்கே வளர்த்தெடுத்தார். பக்கத்திலுள்ள கரிகிரி மருத்துவமனை இந்தத் துறையில் உலகம் அறிந்த இடமாயிற்று. உங்கள் பூக்காரம்மாவின் குட்டை விரலும் வாழைநார் அறுத்தோ, அடுப்பில் சுட்டோ, கவனிக்காமல் விட்ட புண்ணால் ஆனதாக இருக்கலாம். வேலை செய்து தேய்ந்த கை அது.

இனி ஒட்டுமா என்பது. மருந்தே எடுக்காத, கிருமி அதிகம் உள்ள ஒருவரோடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நெருங்கி வாழ்ந்தால் பரவ வாய்ப்பு உண்டு. மூக்கு, வாய் வழியாக வரும் நுண்துளிகளே முக்கியமான வழி என்று கருதப்படுகிறது. கை குலுக்குவதாலும், பக்கத்தில் உட்காருவதாலும், சேர்ந்து சாப்பிடுவதாலும் வராது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மனிதர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. 1981இல் அந்த நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை எல்லாவற்றையும் மாற்றியது. கிருமி குறைவாக இருந்தால் ஆறு மாதம், அதிகமாக இருந்தால் பன்னிரண்டு மாதம், அவ்வளவுதான். அரசு சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் தருகிறார்கள். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரப்பும் தன்மை போய்விடுகிறது. ஆகவே உங்கள் மகள் அந்த அம்மாவின் கையிலிருந்து பூவை வாங்கிக்கொள்ளலாம், பக்கத்தில் உட்காரலாம், அவர் தலை வாரிவிட்டால் வாரிக்கொள்ளலாம். நான் என் வேலையில் கையுறை இல்லாமல் இந்தக் கைகளை எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டவன். என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. தெருவில் நாம் பயப்படுவது பெரும்பாலும் குணமாகிப் போனவர்களைப் பார்த்து. மருந்து தேவைப்படுகிற ஆளோ, விரலெல்லாம் நேராக, முதுகில் ஒரு வெளிறிய தேமலோடு, அலுவலகத்தில் நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்தத் தேமல் அரிக்காது, வலிக்காது, கிள்ளினாலும் தெரியாது. தொந்தரவு இல்லாததால் யாரும் காட்ட மாட்டார்கள். காட்டலாம் என்று தோன்றினாலும், பூக்காரம்மாவைத் தெரு எப்படி நடத்தியது என்று பார்த்தவர் வாயைத் திறப்பாரா? மருந்தில் ஒன்றான குளோஃபாசிமின் சில மாதங்களுக்குத் தோலைக் கருக்கச் செய்யும். அதைப் பார்த்து அக்கம்பக்கம் விசாரிக்கும் என்று பயந்து பாதியில் நிறுத்திவிட்டு, கை மடங்கிய பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டது என்று 2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது. அதைக் கேட்டுப் பலர் நோயே போய்விட்டது என்று எண்ணிக்கொண்டார்கள். இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் புதிய நோயாளிகள் இங்கே கண்டறியப்படுகிறார்கள், உலகக் கணக்கில் பாதிக்கு மேல் நம் நாட்டில்தான். ஒதுக்கி வைப்பது நோயைத் தள்ளி வைக்கும் என்று உங்கள் சங்கத்தார் நினைக்கலாம். நான் பார்த்தவரை அது நோயை ஒளித்து வைக்கத்தான் உதவியிருக்கிறது.

சந்தேகமானவற்றையும் சொல்ல வேண்டும். கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்லும் பாதையின் எல்லாப் படிகளும் இன்னும் துலங்கவில்லை. சோதனைக் குழாயில் வளர்க்க முடியாத கிருமி இது. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும் வளர்த்துத்தான் ஆராய்கிறார்கள். அதனால் ஆராய்ச்சியே மெதுவாகத்தான் நகர்கிறது. ஒரே வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராததற்கு மரபணு, ஊட்டம், கிருமியின் அளவு என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். அந்த அம்மா முன்பு முழுமையாக மருந்து எடுத்தாரா என்பதும் நமக்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் நமக்குக் கிடையாது. இவற்றில் எதுவும் "பூ வாங்கலாம்" என்ற பதிலை மாற்றாது. பூவை வாங்கி, காசைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசும் பழக்கத்தில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

மாமியாரோடு வாதம் செய்ய வேண்டாம். அவருடைய பயம் முட்டாள்தனத்தால் வந்ததில்லை. அவருடைய அம்மா காலத்தில் இதற்கு உருப்படியான மருந்தே கிடையாது. 1940களின் இறுதியில்தான் டாப்சோன் வந்தது, அதையும் ஆண்டுக்கணக்கில், பலர் ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டியிருந்தது. சட்டமே பயத்தின் பக்கம் நின்றது. வெள்ளைக்காரர்கள் 1898இல் கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், ஏழை நோயாளிகளைப் பிடித்து அடைக்க அதிகாரம் கொடுத்தது. அது நீக்கப்பட்டது 2016இல்தான். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019 வரை நம் திருமணச் சட்டங்களில் இருந்தது. இத்தனை காலம் அரசே சொல்லிக்கொடுத்த பயத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தியால் எடுத்துவிட முடியாது. நீங்கள் அந்தப் பூவைத் தினமும் உங்கள் தலையில் வையுங்கள். மகளுக்கும் வைத்துவிடுங்கள். அவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். என்றாவது அவரே பேச்சை எடுத்தால், காந்தி சேவாகிராமத்தில் தொழுநோய் வந்த பர்ச்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருத அறிஞருக்குக் குடில் கொடுத்து, தம் கையாலேயே எண்ணெய் தடவிவிட்டதைச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறைக்குக் காந்தி பெயர் சொன்னால் காது கொடுப்பார்கள். பூஜை அறையில் இருக்கும் கற்பூரமும் ஊதுவத்தியும் எத்தனை பேர் கை தாண்டி வந்தவை என்று கேட்கலாம்தான். ஆனால் அது வாயடைக்கிற பதில், மனம் மாற்றுகிற பதில் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அந்தப் பத்து ரூபாயை அவர் ஏன் வாங்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. கை மடங்கியவர் தெருவில் உட்கார்ந்தாலே பிச்சைக்கு என்று நினைத்துக் காசு போடுகிற ஊர் இது. பூக்கூடை வைத்து உட்காரும்போதே "நான் வியாபாரி" என்று அவர் சொல்லிவிட்டார். கூடுதல் பத்து ரூபாய் அதைக் கேட்காதது மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து முழம் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள், முன்பணம் கொடுங்கள். மல்லி வாடியிருந்தால் வாடியிருக்கிறது என்று சொல்லி நல்லதாகக் கேளுங்கள். விலை அதிகம் என்று தோன்றினால் பேரம் பேசுங்கள். மற்ற பூக்காரர்களிடம் செய்வதையெல்லாம் இவரிடமும் செய்யுங்கள். சமூக உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே இதைப் பற்றி எழுதினார். இரண்டு தரப்பும் வெறுமனே சந்தித்துக்கொண்டால் மட்டும் தப்பெண்ணம் போகாது, சமநிலையில் நின்று ஒரு பொதுக் காரியத்துக்காகப் பழக வேண்டும் என்றார். தானம் கொடுப்பவர், பெறுபவர் என்று நிற்கும் பழக்கத்தில் அந்தச் சமநிலை இல்லை. வாங்குபவர், விற்பவர் என்று நின்றால் இருக்கிறது. இது என் அனுபவத்தோடும் பொருந்துகிறது. எங்கள் விழிப்புணர்வுக் கூட்டத்தில் கைதட்டிவிட்டு, வெளியே எங்கள் நோயாளி நடத்திய டீக்கடையில் டீ குடிக்காமல் போனவர்கள் உண்டு. அதே கடையில் மழைக்கு ஒதுங்கி, வேறு வழியில்லாமல் ஒரு டீ குடித்து, பிறகு வாடிக்கையாளரானவர்களும் உண்டு.

பாதிக்கப்பட்டவர் என்றால் பெற்றுக்கொள்ள மட்டுமே பிறந்தவர் என்ற எண்ணமும் ஒரு முத்திரைதான். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையே கட்டியெழுப்பினார். கால் நடக்காத மருத்துவர் விரல் நிமிராதவரின் கையைத் தைத்துக்கொடுத்த காட்சியை நேரில் பார்த்த பெரியவர்கள் என் பணியின் தொடக்கக் காலத்தில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள்.

அன்பாக இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டதால், கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லித்தருகிறேன். இந்த மாதிரிக் கைக்கு அன்பும் விவரமும் சேர்ந்தே வேண்டும். அவரை வீட்டுக்குள் கூப்பிட்டுக் காபி கொடுக்க நினைத்தால், கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சுட்டால் கையை எடுத்துவிடுவோம். மரத்த கைக்குச் சூடு தெரியாது, மாலையில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதற்காகக் காகிதக் கப்பில் கொடுத்தால் வேறு அர்த்தமாகிவிடும், அவருக்கு அந்த அர்த்தம் வாழ்நாள் முழுதும் பழக்கம். அன்றைக்கு எல்லாருமே கைப்பிடி வைத்த கோப்பையில் குடியுங்கள், அவருக்கும் அதையே கொடுங்கள். சில்லறையைத் தரையிலோ கூடையிலோ போடாமல் உள்ளங்கையில் வையுங்கள், விரல் மூடாததால் நழுவும் என்று தெரிந்தால் ஒரு கணம் பிடித்து வையுங்கள். பூ கட்டும்போது நூல் அறுத்தோ ரோஜா முள் குத்தியோ ரத்தம் வந்தால் அவருக்குத் தெரியாமலிருக்கலாம். "அம்மா, விரல்ல ரத்தம் வருது பாருங்க" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் ஒரு விரல் நுனியைக் காப்பாற்றும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காலில் செருப்பில்லாமலோ பாதத்தில் புண்ணோடோ இருந்தால், தொழுநோய்ப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனையில் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு கிடைக்கும் என்று சொல்லலாம், அவர் கேட்கிற நாளில். எடுத்த எடுப்பில் அறிவுரை வேண்டாம்.

மகள் என்றைக்காவது "உங்க விரல் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பாள். நீங்கள் பதறி அவளை இழுக்காதீர்கள். பெரியவர்கள் வெறித்துப் பார்ப்பதுதான் இவர்களை நோகடிக்கிறது. குழந்தை நேராகக் கேட்பதை அநேகமாக யாரும் தவறாக எடுத்துக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. அந்த அம்மா தமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிக்கொள்வார். வீட்டில் வந்து அவள் உங்களைக் கேட்டால், "கைக்குள்ள இருக்கிற நரம்பு கெட்டுப்போச்சு, அதனால வலி தெரியாது, விரல் மடங்கிடுச்சு, தொட்டா நமக்கு ஒண்ணும் வராது" என்று சொன்னால் போதும். நீங்கள் மட்டும் அவரிடம் நோயின் பெயரைக் கேட்காதீர்கள். அவரோடு படம் எடுத்து "மனிதநேயம்" என்று பதிவு போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்ட ஒரு படத்தால் பெண் கொடுத்த வீட்டில் உண்மை தெரிந்து, ஒரு குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சங்கக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், தனியாகப் போகாமல் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். மருத்துவச் சான்று கேட்கலாம் என்று யாராவது சமரசம் பேசுவார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், காய்கறிக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் நாம் சான்று கேட்பதில்லை. பொதுத்தெருவில் யார் எங்கே விற்கலாம் என்பதை 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பும் அதன் விற்பனைக் குழுவும்தான் முடிவு செய்ய வேண்டும், குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. தொழுநோயிலிருந்து குணமானவர்களை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பாதுகாப்புக்குள் சேர்த்திருக்கிறது. அவர் விரும்பினால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், படிவம் நிரப்ப உங்கள் கை உதவலாம்.

கடைசியாக ஒன்று, இது அவருக்கும் உங்கள் தெருவுக்கும் சேர்த்து. நேராக இருந்த விரல் யாருக்காவது புதிதாக மடங்கத் தொடங்கினாலோ, கண் மூட முடியாமல் போனாலோ, பாதம் தூக்க வராமல் இழுத்தாலோ தள்ளிப்போடக் கூடாது. நரம்பு பழுதாகி ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பலருக்குச் செயல் திரும்புகிறது, அதற்குப் பிறகு வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. உணர்ச்சியில்லாத தேமல் யார் உடம்பில் இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கே பேனாவோ பஞ்சோ வைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள், சில நிமிட வேலைதான்.